இருக்கிற ஆடும் கோழியும் சாகாமல் இருக்க: கிராமக் கால்நடை நலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் இளைஞர்கள், மகளிர் குழுக்கள், வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு சொந்தக் கிராமத்துக்குப் பணம் அனுப்புகிறவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டுக் கிராமங்களை, அதிலும் இரண்டு ஆடு, ஐந்து கோழி, ஒரு கறவை மாடு வைத்திருக்கும் வீடுகளை மனத்தில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன். பெரிய பண்ணைக்காரர்களுக்கு வேறு கணக்கு.

ஏழைக் குடும்பங்களுக்கு ஆடு வாங்கித் தரலாம் என்று நினைக்கிறோம். நல்ல யோசனைதானே?

நல்ல மனசுதான். ஆனால் அதை முதல் வேலையாக வைக்காதீர்கள். 2011-ல் தமிழக அரசே ஏழைக் குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகும் ஆடு, மாடு, கோழிக் குஞ்சு என்று பல திட்டங்கள் வந்திருக்கின்றன. ஆடு இல்லாத வீட்டுக்கு ஆடு கிடைப்பது பெரிய விஷயம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஆடு வைத்திருக்கும் வீட்டில் வருடத்துக்கு எத்தனை குட்டி பிறந்தது, அதில் எத்தனை ஆறு மாதம் தாண்டியது என்று கேட்டுப் பாருங்கள். கோழியிலும் அதே கேள்வியைக் கேளுங்கள். ஒரு கோழி பத்துக் குஞ்சு பொரித்து, விடைக்கோழியாக வளர்ந்தது இரண்டோ மூன்றோ என்பதுதான் பல வீடுகளில் கதை. மீதிக் குஞ்சுகள் கழிச்சலிலும் பருந்திடமும் மழைச் சாரலிலும் போய்விடுகின்றன.

அந்தச் சாவைப் பாதியாகக் குறைத்தாலே, புதிதாக ஒன்றும் வாங்காமல் அந்த வீட்டின் சொத்து கூடிவிடும். ஒரு ஆட்டின் விலையில் ஊர் முழுக்க உள்ள கோழிகளுக்குத் தடுப்பு மருந்து போட்டுவிடலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. பல ஊர் ஆடுகள் கலந்து நிற்கும் சந்தையில் மொத்தமாக வாங்கி, வண்டியில் நெருக்கி ஏற்றி, ஒரே நாளில் கிராமத்தில் பிரித்துக் கொடுத்தால் ஆட்டோடு நோயும் வந்து இறங்கும். அதனால் தடுப்பூசி, குடற்புழு மருந்து, தீவனம் ஆகிய மூன்றுக்கும் முதலில் ஏற்பாடு செய்யுங்கள். ஆடு கொடுப்பதை அடுத்த வருடம் பார்க்கலாம்.

கோடை வந்தால் ஊரில் உள்ள கோழி எல்லாம் ஒரே வாரத்தில் போய்விடுகிறது. என்ன நோய் இது?

பெரும்பாலும் வெள்ளைக் கழிச்சல். டாக்டர்கள் ராணிக்கெட் நோய் என்பார்கள். இமயமலையில், இன்றைய உத்தராகண்டில் உள்ள ராணிக்கெட்டில் 1927-ல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் அது. அதற்கு முந்தைய வருடம் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இதே நோயைப் பதிவு செய்திருந்தார்கள். கோழி இறக்கையைத் தொங்கப்போட்டு உறங்கிக்கொண்டே நிற்கும், வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். வைரஸ் நோய் என்பதால் வந்த பிறகு மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது காசுக்குக் கேடு.

வராமல் தடுப்பது எளிது, செலவும் குறைவு. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். லசோட்டா என்று கேட்டால் கொடுப்பார்கள். எட்டு வாரம் ஆனதும் இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே ஊசி. இந்த இரண்டாவது ஊசியைச் சின்னக் குஞ்சுக்குப் போடக் கூடாது, தாங்காது. கால்நடைத் துறை பிப்ரவரி முதல் இரண்டு வாரங்களில் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். கோடைக்கு முன்னால் எதிர்ப்புச் சக்தி உடம்பில் ஏற வேண்டும் என்பதற்காகவே அந்த மாதம். முகாம் தேதியை முன்கூட்டியே மருந்தகத்தில் கேட்டு, முதல் நாள் இரவு தெருத் தெருவாகச் சொல்லி, காலையில் கோழிகளைத் திறந்துவிடாமல் கொடாப்புக் கூண்டிலேயே வைத்திருக்கச் செய்தால் போதும். நாட்டுக்கோழிக்கு ஊசி போடுவதில் பாதி வேலை கோழியைப் பிடிப்பதுதான். விடிந்து திறந்துவிட்ட பிறகு டாக்டர் வந்து என்ன செய்வார்?

முகாம் முடிந்த பிறகு பொரித்த குஞ்சுகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வருடத்துக்கு ஒரு முகாம் என்றால் ஜூனில் பொரித்த குஞ்சு அடுத்த பிப்ரவரி வரை வெறும் உடம்போடு திரியும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஊரில் ஒரு குழு வேண்டும்.

ஊசி போட்டும் கோழி செத்தது. பிறகு எதற்கு ஊசி?

நியாயமான கேள்வி. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஊசி போடும்போதே நோய் உள்ளே இருந்திருக்கலாம். பக்கத்துத் தெருவில் கோழி சாக ஆரம்பித்த பிறகு ஓடிப்போய்ப் போடும் ஊசி பலன் தராது, எதிர்ப்புச் சக்தி உருவாகவே ஓரிரு வாரம் ஆகும். இரண்டாவது காரணம், செத்தது வேறு நோயில். மூன்றாவது காரணத்தை நாம் சரி செய்யலாம்: மருந்து சூடாகியிருக்கும். இது உயிருள்ள வைரஸை வைத்துத் தயாரிக்கும் மருந்து. ஐஸ் இல்லாமல் பைக் பெட்டியில் ஒரு மணி நேரம் வெயிலில் வந்தால் உள்ளே இருப்பது வெறும் தண்ணீர்தான். கரைத்த பிறகு ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்து வைக்கக் கூடாது.

இந்தச் சூட்டுப் பிரச்சினை நமக்கு மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்ப்ராட்புரோ என்ற ஆய்வாளர், சூடு தாங்கும் ஐ-2 என்ற கழிச்சல் தடுப்பு மருந்தை உருவாக்கினார். மொசாம்பிக், தான்சானியா போன்ற நாடுகளில், மின்சாரமே எட்டாத கிராமங்களில், ஊர்ப் பெண்களே நான்கு மாதத்துக்கு ஒருமுறை கண்ணில் ஒரு சொட்டு விட்டுக் கோழியைக் காப்பாற்றுகிறார்கள். நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் தீவனத்தோடு கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. ஊசிக்குப் பிடிபடாத கோழிகளுக்கு அது நல்ல வழி. உங்கள் மாவட்டத்தில் கிடைக்கிறதா என்று பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையத்தில் கேளுங்கள்.

நோயை விடுங்கள், பருந்தும் கீரியும் தூக்கிக்கொண்டு போகிறதே?

முதல் ஆறு வாரம் குஞ்சை வெளியே விடாமல் வைத்திருப்பதுதான் வழி. தாயோடு மேயவிட்டால்தான் குஞ்சு திடமாகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தத் திடம் வரும்வரை பிழைத்திருக்க வேண்டுமே. பழைய கொசுவலை, மூங்கில் தட்டி, கம்பிவலை, எது கிடைத்தாலும் ஒரு சின்ன அடைப்பு செய்துவிடலாம். முதல் மூன்று வாரம் இரவில் கதகதப்பு வேண்டும். தாய் அணைத்தால் சரி, இல்லையென்றால் ஒரு குண்டு பல்பு போதும்.

தீவனத்துக்குக் கம்பு, குருணை அரிசி. புரதத்துக்குக் கரையான். பழைய பானையில் காய்ந்த சாணி, கந்தல் சாக்கு, வைக்கோல் எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் விடியும்போது பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். பாட்டிமார் செய்த வேலைதான், இன்றைக்கும் இதைவிடச் சிக்கனமான குஞ்சுத் தீவனம் எனக்குத் தெரிந்து இல்லை.

அடை வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. கோடையில் இன்னும் குறைவு.

ஆட்டுக்கு எந்தத் தடுப்பூசியை முதலில் போடுவது?

ஆட்டுக்கொல்லி நோய்க்கு. இந்த நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடமே நம் மாநிலம்தான். 1987-ல், விழுப்புரம் பக்கம் அரசூரில். அங்கே ஆட்டிடமிருந்து எடுத்த வைரஸை வைத்தே ‘அரசூர் 87’ என்ற தடுப்பு மருந்தும் பிறகு தயாரானது. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சீழ் போல ஒழுக்கு, வாய்க்குள் புண், நாற்றத்தோடு கழிச்சல், இருமல் என்று வரிசையாக வரும். புதிதாக நுழைந்த பட்டியில் பாதிக்கு மேல் காலியாகலாம். குட்டிகள்தான் முதலில் போகும்.

மூன்று, நான்கு மாதம் ஆன குட்டிக்கு ஒரு ஊசி போட்டால் மூன்று வருடத்துக்குக் கவலை இல்லை. இவ்வளவு நாள் தாங்கும் தடுப்பூசி கால்நடைகளுக்கு அபூர்வம். 2030-க்குள் உலகத்திலிருந்தே இந்த நோயை ஒழிக்க வேண்டும் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக விலங்கு நல அமைப்பும் இலக்கு வைத்திருக்கின்றன. ஊரில் பத்துப் பேர் போட்டு ஐந்து பேர் போடாமல் விட்டால் அந்த ஐந்து பட்டியிலும் வைரஸ் உட்கார்ந்துகொள்ளும். அதனால் வீடு வீடாகப் போடாமல் ஊராகப் போட வேண்டும்.

அடுத்தது துள்ளுமாரி. மழை பெய்து பச்சை தழைத்ததும் நன்றாக மேய்ந்த, கொழுத்த ஆடு திடீரென்று துள்ளி விழுந்து சாகும். மழைக்காலம் தொடங்கும் முன் ஊசி போட்டால் தப்பிக்கலாம். செம்மறி வைத்திருப்பவர்கள் ஆட்டம்மை, நீலநாக்கு நோய் இரண்டையும் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீலநாக்கைப் பரப்புவது கடிக்கும் சிறு பூச்சிகள், அதனால் வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களில்தான் இது கிளம்பும்.

சந்தையில் வாங்கி வந்த ஆட்டை எப்போது பட்டியில் சேர்ப்பது?

மூன்று வாரம் கழித்து. எட்டயபுரம், மணப்பாறை போன்ற சந்தைகளில் எத்தனையோ ஊர் ஆடுகள் மூக்கோடு மூக்கு உரசி நிற்கின்றன. வாங்கி வந்த ஆடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும், நோய் நான்கைந்து நாள் கழித்துத்தான் முகம் காட்டும். தனியாகக் கட்டி, தனிப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, பழைய ஆடுகளைக் கவனித்த பிறகு கடைசியாக அதனிடம் போங்கள். இடம் இல்லை என்பவர்கள் உறவினர் வீட்டு மரத்தடியில் கட்டலாம், அந்த வீட்டில் ஆடு இல்லாமல் இருந்தால். விற்காமல் திரும்பிய ஆட்டுக்கும் இதே விதிதான்.

மாதாமாதம் குடற்புழு மருந்து கொடுக்கிறோம். சரிதானே?

வேண்டாம். அளவுக்கு மீறிக் கொடுத்தால் மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். கொஞ்ச காலத்தில் எந்த மருந்தும் கேட்காது. ஆட்டின் கீழ் இமையை மெல்ல இறக்கி உள்பக்கம் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருந்தால் மருந்து அவசரம் இல்லை. வெளிறி வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தால் ரத்தம் உறிஞ்சும் புழு வயிற்றில் இருக்கிறது. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினால் முற்றிவிட்டது என்று அர்த்தம். புதிதாகப் போட்ட புழுக்கையை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனால் என்ன புழு என்று பார்த்துச் சொல்வார்கள். அதற்கான மருந்தை, ஆட்டின் எடைக்கு ஏற்ற அளவில் கொடுக்கலாம். கண் மதிப்பில் பாதி டோஸ் கொடுப்பது, கொடுக்காமல் இருப்பதைவிடக் கெடுதல்.

மழைக்காலத்தில் பனி காய்ந்த பிறகு மேய்ச்சலுக்கு ஓட்டுங்கள். ஈரம் இருக்கும்வரை புழுவின் குஞ்சுகள் புல்லின் நுனியில் இருக்கும்.

கோமாரி ஊசி போட்டால் பால் குறைகிறது. அதனால் எங்கள் ஊரில் பலர் மாட்டைக் காட்டுவதே இல்லை.

இரண்டு, மூன்று நாள் குறையும், உண்மை. ஒளிக்க வேண்டியதில்லை. சில மாடுகளுக்கு லேசாகக் காய்ச்சலும் அடிக்கும். ஆனால் கோமாரி வந்த மாட்டைப் பார்த்தவர்கள் அந்த மூன்று நாள் பாலைப் பெரிதாக நினைக்க மாட்டார்கள். 2013-ல் டெல்டா மாவட்டங்களில் இந்த நோய் புகுந்தபோது எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அங்கே உள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை. வாயிலும் குளம்பிலும் புண் ஆறிவிடும். அதற்குப் பிறகும் பால் பழைய அளவுக்கு வராது, சினை நிற்காது, வெயிலில் கட்டினால் நாய் மாதிரி இரைக்கும். நோய் கண்ட தாயிடம் பால் குடிக்கும் கன்றுக்கு இதயம் தாக்கித் திடீரென்று உயிர் போகும். அதனால் கன்றை உடனே பிரித்துவிட வேண்டும்.

2019-ல் மத்திய அரசு தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த ஊசி இலவசம். நான்கு மாதம் தாண்டிய கன்றிலிருந்து போடலாம். நிறைசினையாக இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், ஈன்ற பிறகு போட்டுக்கொள்ளலாம்.

அதே திட்டத்தில் நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்குக் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசியும் உண்டு. வாழ்நாளில் ஒரே ஒரு முறை. இந்த நோய் மனிதருக்கும் தொற்றும்: விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி என்று மாதக்கணக்கில் படுத்தும். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுக்காதீர்கள், பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

கன்றுகள் பிறந்து ஒரு மாதத்துக்குள் இறப்பது ஏன்?

பாதிக் காரணம் சீம்பால். நம் ஊரில் மாடு ஈன்றால் சீம்பால் காய்ச்சி அக்கம் பக்கத்து வீடுகளுக்கு எல்லாம் கொடுப்போம். நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் முதல் கறவை கன்றுக்கு. பிறந்த கன்றின் உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தி என்று ஒன்றுமே இருக்காது, அத்தனையும் சீம்பாலில்தான் வர வேண்டும். அதையும் குடல் உறிஞ்சிக்கொள்வது முதல் நாளில் மட்டும்தான், மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். நஞ்சுக்கொடி விழட்டும், பிறகு ஊட்டலாம் என்று சிலர் காத்திருப்பார்கள். அது தவறு. பிறந்த அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊட்டு. அன்றைக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும்: 25 கிலோ கன்று என்றால் இரண்டரை லிட்டர். அதற்கு மேல் மாடு கொடுப்பதை ஊருக்கே கொடுங்கள்.

தொப்புள்கொடியை சுத்தமான கத்தியால் வெட்டி அயோடின் தடவுங்கள். பத்தாம் நாள் குடற்புழு மருந்து. கன்றுக்குப் புழு தாய்ப்பால் வழியாகவே வந்துவிடும் என்பதால் அது மண்ணைத் தின்னவில்லையே என்று நிம்மதியாக இருக்க முடியாது.

கோடையில் தீவனமே இல்லை. மருந்து எல்லாம் போட்டு என்ன பயன்?

சரியாகச் சொன்னீர்கள். பட்டினி கிடக்கும் மாட்டுக்கு எந்த ஊசியும் பிடிக்காது.

தண்ணீர் உள்ளவர்கள் ஐந்து சென்டிலாவது கோ-5 கம்பு நேப்பியர் கரணை நடுங்கள். முதல் அறுப்பு எழுபத்தைந்து, எண்பது நாளில், அப்புறம் ஒன்றரை மாதத்துக்கு ஒன்று. வரப்பிலும் வேலியிலும் அகத்தி, வேலிமசால், சவுண்டல், கிளுவை, கல்யாண முருங்கை. ஆட்டுக்கு மரத் தழைதான் இயல்பான உணவு. புல்லை மட்டும் போட்டு ஆடு வளர்ப்பது அதற்கே பிடிக்காது. சவுண்டலை மட்டும் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் உள்ள நச்சால் முடி கொட்டும்.

மானாவாரிக்காரர்களுக்கு வைக்கோல்தான் கதி. அதைச் சத்தாக்க வழி இருக்கிறது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 60 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அடுக்கு அடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு மூடி 21 நாள் வைக்க வேண்டும். பிரித்து, நெடி போக ஆறவிட்டுப் பெரிய மாடுகளுக்குக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம். யூரியாவை நேராகத் தண்ணீரிலோ தவிட்டிலோ கலந்து கொடுத்தால் மாடு செத்துவிடும், அதனால் முதல் தடவை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கூடவே தினம் ஒரு கைப்பிடி தாது உப்புக்கலவை. சினை நிற்காத மாடுகளில் பலவற்றுக்குக் குறை தாது உப்புதான்.

ஒரு எச்சரிக்கை. மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் மாட்டை விடாதீர்கள். பூக்காத, வாடிய சோளப் பயிரில் சயனைடு நச்சு ஏறியிருக்கும், மேய்ந்த சில நிமிடங்களில் மாடு விழுந்துவிடும். சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளி இலையிலும் அதே ஆபத்து. அறுத்து நன்றாகக் காயவைத்தால் நச்சு குறையும்.

மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாள் மாடு படுத்துவிட்டது. திருஷ்டியா?

சோறு. மாட்டின் வயிறு நாரைச் செரிக்கும் வயிறு. வழக்கமில்லாமல் பொங்கலும் சாதமும் வெல்லமும் குண்டான் குண்டானாகப் போனால் உள்ளே புளித்து அமிலமாகிவிடும். அசைபோடாது, இடது வயிறு தளும்பும், தள்ளாடும், புளித்த வாடையோடு கழியும். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், இது மணிக்கணக்கில் உயிர் போகும் விஷயம். கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்ற ஆட்டுக்கும் இதே கதி. பூசைக்கு ஒரு கைப்பிடி ஊட்டிவிட்டு, வயிறு நிறையப் பச்சைப் புல் போடுங்கள்.

நாட்டு மருந்தை நம்பலாமா?

எந்த நோய்க்கு என்பதைப் பொறுத்தது. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் மூன்றையும் அரைத்து, பாலை முழுக்கக் கறந்துவிட்டு, மடியைக் கழுவி, ஒரு நாளைக்குப் பத்து முறை என ஐந்து நாள் பூசும் முறை இருக்கிறது. தமிழ்நாட்டுப் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி கிராமத்து அறிவைத் திரட்டி ஒழுங்குபடுத்திய முறைகளில் ஒன்று அது. தேசியப் பால்வள வாரியமே நாடு முழுக்கப் பால் சங்கங்களில் அதைப் பரப்பியது. கோமாரி வாய்ப்புண்ணுக்குத் தேங்காய், சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, வெல்லம் அரைத்து நாக்கில் தடவுவதும் மாட்டுக்குத் தீனி எடுக்க உதவும்.

ஆனால் நாட்டு மருந்து தடுப்பூசிக்கு மாற்று இல்லை. கழிச்சலுக்கும் ஆட்டுக்கொல்லிக்கும் வெங்காயமும் மிளகும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சூடு போடுவதையும் விட்டுவிடுங்கள், பாவம் அது.

மருந்தகம் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊரிலேயே யாருக்காவது பயிற்சி கொடுக்கலாமா?

கட்டாயம். நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மாட்டு வெக்கை நோய் என்று ஒன்று இருந்தது, நம் தாத்தாக்கள் அதைக் கண்டு நடுங்கினார்கள். 2011-ல் அது உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்கு அடுத்து மனிதன் முற்றாக ஒழித்த நோய் அது ஒன்றுதான். கடைசிக் கட்டத்தில் எத்தியோப்பியாவின் அஃபார் பகுதி, தெற்கு சூடான் போன்ற இடங்களுக்கு டாக்டர்களால் போக முடியவில்லை: சாலை இல்லை, சண்டை வேறு. அங்கே மேய்ச்சல்காரர்களையே தேர்ந்தெடுத்து, சூடு தாங்கும் தடுப்பு மருந்தைக் கையில் கொடுத்து, ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள். எந்த மந்தை எங்கே மேய்கிறது என்பது அவர்களுக்குத்தானே தெரியும்.

நம் நாட்டில் ஜார்கண்ட், பீகார் போன்ற மாநிலங்களில் மகளிர் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் ‘பசு சகி’ (கால்நடைத் தோழி) என்ற பெயரில் இந்த வேலையைச் செய்கிறார்கள். நோய்க்கு மருந்து எழுதுவது, அறுவை செய்வது எல்லாம் பதிவு பெற்ற மருத்துவரின் வேலை, 1984-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் குஞ்சுக்குச் சொட்டு மருந்து விடுவது, இமை பார்ப்பது, தடுப்பூசி நாளைக் குறித்து வைப்பது, ஐஸ் பெட்டியைத் தூக்கி வருவது, சந்தேகம் வந்ததும் 1962 என்ற உதவி எண்ணுக்கு அடித்து நடமாடும் மருத்துவ வண்டியை வரவழைப்பது, இவையெல்லாம் ஊர்ப் பெண் ஒருவர் டாக்டரின் மேற்பார்வையில் செய்யக்கூடியவை. ஆடும் கோழியும் பார்ப்பது பெரும்பாலும் பெண்கள்தான். அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். சும்மா செய்யச் சொல்லாதீர்கள், ஒரு கோழிக்கு இவ்வளவு என்று ஊர் பேசிக் கொடுக்க வேண்டும். கூலி இல்லாத சேவை ஆறு மாதத்தில் நின்றுபோகும், அதில் அவர் மேல் தப்பே இல்லை.

பால், முட்டை எல்லாம் விற்றுத்தானே வீட்டுச் செலவு? வீட்டுக்கு எடுத்துவைக்கச் சொல்வது சரியா?

விற்க வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் மாடு வைத்திருக்கும் வீட்டுக் குழந்தை பால் இல்லாத கட்டஞ்சாயா குடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. விடிகாலையில் சொசைட்டிக்கு ஊற்றும்போது முதல் டம்ளரை எடுத்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். கடைசியில் மிஞ்சினால் எடுக்கலாம் என்றால் மிஞ்சவே மிஞ்சாது.

முட்டையும் அப்படித்தான். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் சத்துணவில் முட்டை கிடைக்கிறது. வீட்டில் இருக்கும் ஒரு வயது ஆகாத குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் யார் தருவார்கள்? ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு நன்றாக வெந்த முட்டையை மசித்துக் கொடுக்கலாம். ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. கஞ்சியிலும் ரசஞ்சோற்றிலும் கிடைக்காத சத்துகளும் கூட வருகின்றன. குஞ்சுச் சாவு குறைந்தால் அத்தனை முட்டையையும் அடைக்கு ஒதுக்க வேண்டியதில்லை, சாப்பிட மிஞ்சும். கோழி நலமும் குழந்தை நலமும் சேருகிற இடம் இதுதான்.

திடீரென்று செத்த ஆட்டை அறுத்துப் பங்கு போடுவது எங்கள் ஊர் வழக்கம். தப்பா?

உயிருக்கே ஆபத்து. நன்றாக இருந்த ஆடோ மாடோ திடீரென்று விழுந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் வந்தால் அது அடைப்பான் நோயாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அறுக்கவும் கூடாது, தோல் உரிக்கவும் கூடாது. உடலைத் திறந்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி மண்ணில் பல வருடம் கிடக்கும், அறுத்தவர் கையிலும் புண்ணாகும். மருந்தகத்துக்குச் சொல்லிவிட்டு, ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நட்டத்தில் கொஞ்சமாவது தேறட்டும் என்ற தவிப்பு புரிகிறது. அதற்குத்தான் காப்பீடு.

ஊசி போட்ட மாட்டின் பாலைக் குடிக்கலாமா?

தடுப்பூசி என்றால் குடிக்கலாம். ஆன்டிபயாடிக் என்றால் டாக்டர் சொல்லும் நாள்வரை விற்கவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம். அந்தப் பால் தயிருக்கு உறை ஊற்றினாலும் சரியாகத் தோயாது. ஊசி போடும்போதே எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்பீடு செய்தால் பணம் வருமா?

காதில் அட்டை இருந்தால் வரும். 12 இலக்க எண் கொண்ட அந்த அட்டைதான் மாட்டுக்கு அடையாளம். ஏழைக் குடும்பங்களுக்கு பிரிமியத்தில் பெரும்பகுதியை அரசு ஏற்கும் திட்டம் உண்டு, கால்நடை மருந்தகத்தில் விண்ணப்பம் கிடைக்கும். அட்டை அறுந்து விழுந்தால் அன்றே சொல்லி மறு அட்டை போட்டுக்கொள்ளுங்கள். மாடு இறந்தால் புதைப்பதற்கு முன் நிறுவனத்துக்கும் டாக்டருக்கும் தகவல் போக வேண்டும், காது அட்டை தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து வைக்க வேண்டும், டாக்டரின் சான்றிதழ் வாங்க வேண்டும். பணம் வராமல் போகும் பல வீடுகளில், துக்கத்தில் அவசரமாகப் புதைத்துவிட்டு மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள்.